வெண்கலம் கூவிய முதல் வாக்குறுதி

வெண்கலம் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. தொண்டை வாங்கித் தந்த பெயர். ஜவுளிக்கடைத் தள்ளுபடியா, காணாமல் போன நாயா, கட்சிக் கூட்டமா, எதுவானாலும் சரி. ஆட்டோவின் கூரையில் நாலு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அவர் ஒரு சுற்று வந்தால் தூங்குகிற குழந்தையெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடும். கட்சி பேதம் அவருக்குக் கிடையாது. காலையில் "மாற்றம் வேண்டும்" என்று கூவுவார். சாயங்காலம் இன்னொருவருக்காக "மாற்றமே வேண்டாம்" என்று கூவுவார். இரண்டிலும் அதே உருக்கம்! கடலே இல்லாத தொகுதிக்குத் துறைமுகம்கூட அவர் வாயால் வந்தாயிற்று. எதையும் யாரும் கட்டவில்லை என்றால் அதற்கு அவரா பொறுப்பு?

ஊருக்கெல்லாம் திறக்கிற அந்த வாய், வீட்டில் ஒரே ஒரு பேச்சு வந்தால் மட்டும் பூட்டிக்கொள்ளும். அது மச்சான் பேச்சு. மனைவிக்கு ஒரே தம்பி, பைக் ரிப்பேர் கடையில் வேலை பார்த்த பையன். சட்டைப் பையில் ஒரு சிட்டிகை கஞ்சாவோடு போலீசில் மாட்டி உள்ளே போய்விட்டான். ஜாமீனும் கிடைக்கவில்லை, வழக்கும் நகரவில்லை. அக்கம்பக்கத்தில் "வெளிநாட்டுல வேலை" என்று சொல்லி வைத்திருந்தார்கள். அக்காக்காரி சனிக்கிழமை தவறாமல் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

"ஒரே ஒரு தடவ நீங்களும் வாங்களேன்" என்று கேட்பாள்.

"நம்ம பொழப்பே ஊர் வாயிலதான் ஓடுது. ஜெயில் வாசல்ல என்னை எவனாவது பாத்தா அடுத்த தேர்தலுக்குக் கூப்பிடுவானா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மனுஷனுக்கு மானம் பெரிது. மச்சான் அதற்கு அடுத்தபடிதான்.

இந்த நேரத்தில்தான் தேர்தல் வந்தது. சுயேச்சையாக நின்ற ஒரு வக்கீலம்மா அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு வாக்குறுதிகளைக் கையில் கொடுத்தார். முதல் வரியைப் படித்ததும் வெண்கலத்துக்கு விக்கல் எடுத்தது. "கஞ்சாவுக்குச் சட்ட அனுமதி" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"அம்மா, டைப் பண்ணவன் மாத்திப் போட்டுட்டான்போல. தண்ணி எட்டாவதா இருக்கு."

"மாத்தியெல்லாம் போடலங்க. தண்ணி தர்றேன்னு எல்லாக் கட்சியும் சொல்லுது. இதைச் சொல்ல ஒரு ஆள் இல்ல."

"ஆள் இல்லாததுக்கு ஒரு காரணம் இருக்கும்லம்மா? குழாயத் திறந்தா காத்து வருது. ரோட்டுல பல்லாங்குழி ஆடலாம். இதுல கஞ்சாதான் தலைபோற காரியமா? துடைப்பக்கட்டையோட வருவாங்க."

"சிட்டிகை அளவுக்கு மாட்டுன பசங்க உள்ள கிடக்குறாங்க. எனக்கு அதான் தலைபோற காரியம். இதுதான் முதல்ல வரணும்."

வெண்கலம் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே! எழுதிக் கொடுத்ததைக் கூவவேண்டும், அவ்வளவுதான்.

அவர் ஒலிப்பதிவு செய்கிற அழகே தனி. துணி பீரோவைத் திறந்து, சேலை அடுக்குக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு, செல்போனில் பதிவு செய்வார். எதிரொலி வராதாம். ஒரே மூச்சில் பேசி முடிப்பார். திரும்பப் போட்டுக் கேட்கிற வழக்கம் இல்லை. "நான் தப்பு பண்ணாத்தானே கேக்கணும்?" என்பார். இன்னொரு வழக்கமும் உண்டு. ஊர்வலம் கிளம்பினால் அவரும் ஆட்டோ டிரைவரும் காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். நாலு ஸ்பீக்கருக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது இல்லாவிட்டால் காது போய்விடும். இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்துதான் அவர் மானத்தை வாங்கின.

மறுநாள் காலை ஆட்டோ முதலில் அவருடைய தெருவுக்குள்ளேயே நுழைந்தது. வெண்கலம் முன்சீட்டில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டு வந்தார். என்ன ஆச்சரியம்! கதவெல்லாம் திறந்தது. சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தில் நுரையோடு ஓடி வந்தார். மாடியிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. "பரவாயில்லையே, கஞ்சாவுக்கு இவ்வளவு ஆதரவா!" என்று அவர் இன்னும் குனிந்து கும்பிட்டார்.

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்:

"...சிறு வழக்குகளில் சிறையில் வாடும் இளைஞர்களுக்கு விடுதலை! சிந்திப்பீர்! வாக்களிப்பீர்!"

"அத இன்னொரு தடவ சொல்லுங்க." அவர் பதிவை நிறுத்துவதற்குள் பீரோவில் துண்டு எடுக்க வந்த மனைவியின் குரல்.

"எத?"

"சிறையில் வாடும் இளைஞர்னு சொன்னீங்களே, அத. அந்த இளைஞன ஒருநாளாவது வந்து எட்டிப் பாத்திருக்கீங்களா?"

"ஐயோ, மெதுவாப் பேசுடி. பக்கத்து வீட்டுல கேக்கும்!"

"கேக்கட்டும். வெளிநாட்டுல இருக்கான், வெளிநாட்டுல இருக்கான்னு எத்தன நாள் சொல்றது? வரும்போது முழங்காலுக்கு மசாஜ் மிஷின் வாங்கிட்டு வரச் சொல்றாங்க பக்கத்து வீட்டம்மா."

"அந்த ஓட்டை வாய்க்கு மட்டும் தெரிஞ்சுது, செத்தோம்! இங்க பாரு, தண்ணி இல்ல, ரோடு இல்ல. நாட்டுக்கு இப்ப கஞ்சாவா முக்கியம்?"

"தண்ணி வரலைன்னா நான் அடுத்த தெருவுல போய்ப் பிடிச்சுக்கறேன். அவன் எங்க போவான்? அந்தக் கருமத்தக் கடையில வெச்சு விக்கச் சொல்லி நான் கேக்கல. அவன் பண்ணது தப்புதான். நானே ரெண்டு அறை விட்டிருப்பேன். ரெண்டு அறையோட போகவேண்டிய தப்புக்கு எத்தன காலம்ங்க உள்ள கிடப்பான்?"

அதோடு பீரோ கதவு படாரென்று சாத்தும் சத்தம். உடனே மறுபடியும் முதலிலிருந்து, "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே!"

மூன்றாவது தடவை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பக்கத்து வீட்டம்மா நடுத்தெருவில் ஆட்டோவை மறித்தார். நேராக வந்து வெண்கலத்தின் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினார். அடுத்த நொடி "அந்த ஓட்டை வாய்க்கு மட்டும் தெரிஞ்சுது" என்று வெண்கலம் தன் வெண்கலக் குரலைத் தானே கேட்டார். ஈயாடவில்லை முகத்தில்.

"மசாஜ் மிஷினெல்லாம் வேணாம்பா" என்றார் அந்த அம்மா. "அது என்ன, புள்ள உள்ள கிடக்கான், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? வீட்டுக்கு வீடு வாசப்படி. ஓட்டை வாய்னு சொன்னதுக்கு உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்."

வக்கீலம்மாவிடமிருந்து போன் வந்தது. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே எடுத்தார். "யாருங்க ஸ்பீக்கர்ல உங்களோட பேசுன அந்த அம்மா? அடுத்த கூட்டத்துல பேச வருவாங்களா?" என்று வக்கீலம்மா கேட்டார். வெண்கலம் வீட்டுக்கு ஓடி மனைவியிடம் சொன்னார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"எனக்குச் சட்டமும் தெரியாது, கூட்டமும் தெரியாது. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே யாருக்குப் பயப்படணும்? சனிக்கிழமை வர்றீங்களா, இல்லையா?"

மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. பிரசாரம் முடியட்டும் என்று சொல்லி இழுத்தடித்தார். ஓட்டு எண்ணி முடித்த பிறகு வந்த சனிக்கிழமை, தப்ப வழியில்லாமல் அவள் பின்னால் போனார்.

சந்திக்கிற இடம் ஒரு நீளமான ஹால். இந்தப் பக்கம் ஒரு கம்பி வலை, அந்தப் பக்கம் ஒரு கம்பி வலை, நடுவில் ஒரு காவலர் நடக்கிற அளவு இடைவெளி. இங்கிருந்தும் அங்கிருந்தும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சந்தை தோற்றது. மனைவி வலையைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்து என்னமோ சொன்னாள். பக்கத்தில் நின்ற வெண்கலத்துக்கே அது கேட்கவில்லை. அந்தப் பக்கம் மச்சான் காதில் கை வைத்துக்கொண்டு சும்மா தலையாட்டினான். இத்தனை சனிக்கிழமையும் இவள் இப்படித்தான் பேசியிருக்கிறாள், அவன் இப்படித்தான் தலையாட்டியிருக்கிறான் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சே, என்ன மனுஷன் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மூச்சை இழுத்தார். "மச்சா...ன்! சாப்ட்டியாடா?"

ஹால் கப்சிப் ஆனது. காவலரின் கையிலிருந்த தடி கீழே விழுந்தது. மச்சான் திடுக்கிட்டு, பிறகு வாய்விட்டுச் சிரித்தான். அக்கா சொல்லச் சொல்ல வெண்கலம் எடுத்துவிட்டார். கடை முதலாளி வேலையை அவனுக்காக வைத்திருக்கிறார், பக்கத்து வீட்டம்மா விசாரித்தார், உடம்பைப் பார்த்துக்கொள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் அவர் சட்டையை இழுத்தாள். "அண்ணே, கோடு போட்ட சட்டை போட்டிருக்காரே, அவருகிட்ட பாப்பா நடக்க ஆரம்பிச்சிட்டான்னு சொல்லுங்கண்ணே." அதையும் கூவினார். கோடு போட்ட சட்டைக்காரன் வலையில் நெற்றியை வைத்து அழுதான்.

நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. அப்போதுதான் மச்சான் கேட்டான்.

"மாமா! உள்ள எல்லாரும் பேசிக்கறாங்களே, அந்த வக்கீலம்மா ஜெயிச்சிட்டாங்களா?"

எல்லோரும் வெண்கலத்தின் வாயைப் பார்த்தார்கள். வக்கீலம்மா டெபாசிட்டையே பறிகொடுத்திருந்தார். கடலில்லாத ஊருக்குத் துறைமுகம் தந்தவரால் இதற்கு ஒரு பொய் சொல்ல முடியவில்லை.

"தோத்துட்டாங்கடா" என்றார். குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

"கேக்கல மாமா! சத்தமாச் சொல்லுங்க!"

மனைவி அவர் கையைப் பிடித்தாள். வெண்கலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினார்.

"அடுத்த சனிக்கிழமையும் நான் வர்றேன்டா!"

அது அவனுக்குக் கேட்டது.