பூம்பாறை ஓடையில் தவளைச் சத்தம்

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் கொடைக்கானலில் பஸ் ஏறினேன். பூம்பாறை அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான். வளைவுகளும் மூடுபனியும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்துவிட்டன. மதுரை வெயிலில் வெந்தவனுக்கு இந்தக் குளிர் சொர்க்கமாக இருக்க வேண்டும். பல் கிட்டியதுதான் மிச்சம். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

"மழையா அண்ணே?" என்றேன்.

"மழையாவது! வெறும் பனிங்க. மண்ணு நனையாது, கண்ணைத்தான் மறைக்கும்."

நான் போனது யாழினியின் கண்காட்சியைப் பார்க்க. யாழினி என் நண்பரின் மகள், சென்னையில் கலை படித்தவள். பருவம் தப்பிப்போவதைக் கணக்கு காட்டிச் சொன்னால் யாருக்கும் உறைக்காது, காதில் விழுந்தால்தான் உறைக்கும் என்பது அவள் கட்சி. சில வருடங்களுக்கு முன், இந்த ஓடையில் தண்ணீர் ஓடிய காலத்தில், தவளைச் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருந்தாள். இப்போது வறண்டு கிடக்கும் அதே ஓடையில், பாறை இடுக்குகளில் ஸ்பீக்கர்களை மறைத்து வைத்து அதை ஒலிக்க விட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு, ஒரு வாரமாகச் சோதனை நடந்துகொண்டிருந்தது.

பஸ் நிறுத்தத்தில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு, அங்கே காத்திருந்த யாழினியோடு ஓடைக்கு இறங்கினேன். படிப்படியாக அமைந்த பூண்டு வயல்களுக்கு மேலே ஓடை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி, அதற்குள் நூறு தவளைகள் கத்தின. குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தேன். பொட்டு ஈரமில்லை. செத்துப்போனவர் குரலை அவர் வீட்டிலேயே போனில் போட்டுக் கேட்பதுபோல் இருந்தது. சொல்வதற்கென்ன, எனக்குப் பயமாகவே இருந்தது.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு பெண் ஏறி வந்தார். இடுப்பில் காலிக் குடம்.

"தண்ணி எங்கிட்டுங்க கெடக்கு? இம்புட்டுத் தவளை கத்துது, ஒரு குடம்கூட மோக்க முடியலயே?"

யாழினி ஆசையாக ஸ்பீக்கரைக் காட்டினாள். "அக்கா, இது ரெக்கார்டிங். முன்னாடி இங்க இருந்த தவளைங்க."

அவர் பெயர் செல்வராணி. கீழே அரை ஏக்கர். நாள் பார்த்துப் பூண்டு ஊன்றுவது அவர் வீட்டு வழக்கமில்லை. மூன்று நாள் விடாமல் ஓடையில் தவளை கத்தினால் பின்னாலேயே மழை. நாலாம் நாள் ஊன்றிவிட வேண்டும். பனியில் பெட்டியும் வயரும் அவர் கண்ணில் படவில்லை. இந்தச் சத்தத்தை நம்பி வீட்டிலிருந்த விதைப்பூண்டு மொத்தத்தையும் ஊன்றிவிட்டார். இனி ஓரிரு நாளில் மழை விழாவிட்டால் அத்தனையும் மண்ணுக்குள்ளேயே சுருங்கிப்போகும்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னோமேக்கா..." யாழினியின் குரல் உள்ளே போய்விட்டது.

"சொல்லிருப்பீங்க. நான் வெள்ளனே காட்டுக்கு வந்தா இருட்டுனப்புறம்தான் வீடு. எனக்கு ஓடைதானம்மா சொல்லும்?"

"லாரியில தண்ணி கொண்டுவரச் சொல்றேன்க்கா."

"லாரி இந்தப் படியில எறங்காதும்மா."

அவர் கத்தியிருந்தால் தேவலை. யாழினி அழுதுகொண்டே ஒவ்வொரு ஸ்பீக்கராகப் பிடுங்கினாள். கடைசி வயரைச் சுருட்டிப் பையில் திணித்ததும் ஓடை அடங்கியது. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. மூவரும் சாலையைப் பார்த்து ஏறினோம்.

பின்னால், பாறைக்கு அடியிலிருந்து, ஒரு தவளை கத்தியது.

ஒரே குரல். கொஞ்சம் பொறுத்து மறுபடி கத்தியது. பெட்டிச் சத்தத்தைத் தன் கூட்டம் என்று நம்பி வந்ததா, நிஜமாகவே மழையை மோந்ததா, எனக்குத் தெரியாது. செல்வராணி ஓடைப் பக்கம் திரும்பவில்லை. யாழினியின் பையைத்தான் பார்த்தார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டியாம்மா?"

"எடுத்துட்டேன்க்கா."

"இனி அது கத்தி, நான் என்னத்த நம்ப?"

மதுரையில் மழை வருமா என்று நாங்கள் போனைப் பார்ப்போம். பொய்த்தால் ஒரு திட்டு திட்டிவிட்டுக் குடையில்லாமல் போவோம். மத்தியானப் பஸ் கிளம்பியபோது செல்வராணி காலிக் குடத்தோடு குழாயடி வரிசையில் நின்றிருந்தார். ஓடைப் பக்கமிருந்து அந்த ஒற்றைத் தவளை இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது. அவர் தலை நிமிரவில்லை.