ஓடக்காரனை யாரும் கேட்கவில்லை

எழுபதுகளின் கடைசியில் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் கொட்டகையில் எனக்கு மேற்பார்வை வேலை. மலையிலிருந்து ஜீப்பில் மூட்டை வந்து இறங்கும். பெண்கள் தரையில் உட்கார்ந்து காம்பு கிள்ளி, புடைத்து, சல்லடையில் சலித்து, பெருங்காய் தனி, சிறுகாய் தனி என்று பிரிப்பார்கள். கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். அதனால் பேச்சை நான் தடுத்ததில்லை. பேச்சால் வேலை நின்றது ஒரே ஒரு காலையில்தான். மறுநாள் ஏலத்துக்குப் போக வேண்டிய சரக்கு பாதி முடியாமல் கிடந்தது.

முந்தின இரவு சிலமலைத் திருவிழாவில் நாடகம். எங்கள் பக்கத்தில் தலைமுறையாக ஆடுகிற பழைய நாடகம். கதை இதுதான். ஒரு நாட்டில் கொள்ளையர் பயம். இருட்டியபின் ஆற்றைக் கடப்பவன் யாரானாலும் அம்பு விடச் சொல்லி ராஜாவின் உத்தரவு. அக்கரையில் வேலைக்குப் போன புருஷனுக்கு, “பிள்ளைக்குப் பேர் வைக்கணும், இன்னைக்கே வா” என்று மனைவி சொல்லி அனுப்புகிறாள். உத்தரவு தெரிந்தும் ஓடக்காரன் அவனை ஏற்றிக்கொள்கிறான். இக்கரையில் காவல் நிற்பவன் அந்தப் புருஷனுடைய சொந்தத் தம்பி. அம்பு விட்டுவிட்டு விளக்கைப் பிடித்துப் பார்த்தால், செத்துக் கிடப்பது அண்ணன்.

“ராசாதான் கொன்னான். உத்தரவு போட்டது அவந்தானே?” என்று ஆரம்பித்தாள் காமாட்சி.

“ராசாவா வில்லப் பிடிச்சான்? யாருன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா அந்தத் தம்பிக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?” என்றாள் அடுத்தவள்.

ராசிங்காபுரத்துப் பேச்சியம்மாளுக்குக் குரல் பெரிது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். “அட போங்கடி. அவ வரச் சொல்லலைன்னா அவன் ஏன் ஓடத்துல ஏறப் போறான்? விடிஞ்சு வந்தா ஆகாதா? புருசனக் கொன்னவ அவதான்!”

கொட்டகையில் பாதிப் பேர் “அதானே!” என்றார்கள். மற்றவர்கள் ஏசினார்கள். முறங்கள் எல்லாம் தரைக்கு வந்துவிட்டன. எனக்கும் சிரிப்புத்தான்.

அப்போது மூலையில் இருந்த மாயக்காள் எழுந்தாள். மடியிலிருந்த காய் சிதறியது. யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள்.

அதற்கு முந்தின வருஷம் போடிமெட்டு மலைப்பாதை வளைவில் கவிழ்ந்த ஜீப்பில் செத்தவன் மாயக்காளின் புருஷன். மலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவன். திருவிழாவுக்குச் சீக்கிரம் வரும்படி அவள்தான் ஆள் சொல்லி அனுப்பியிருந்தாள். லோடு ஏற்றிய ஜீப்பின் மேல் உட்கார்ந்து வந்தான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பேச்சு மும்முரத்தில் மறந்துவிட்டோம்.

“அய்யோ, என் வாயில மண்ணு விழ” என்று பேச்சியம்மாள் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி ராவுத்தர் உள்ளே வந்தார். “என்னம்மா சரசு, ஒரு கையும் அசையல? நாளைக்கு ஏலத்துல காய்க்குப் பதிலா என் தலையவா வைக்கிறது?” என்று என்னைக் கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. கவிழ்ந்தது அவருடைய ஜீப்.

“அந்த நாடகம் நானும் சின்ன வயசுல பாத்திருக்கேன்” என்றார். “ஓடக்காரனப் பத்தி யாரு பேசுனது?” என்று கேட்டார்.

“யாரும் பேசல மொதலாளி.”

“ஏத்துனவன விட்டுட்டு எல்லாரையும் பேசியிருக்கீங்க” என்றவர், “வேலை கெடக்கட்டும். நீயும் பேச்சியும் வண்டியில ஏறுங்க” என்றார்.

சிலமலையில் மாயக்காள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“மாயக்கா, அன்னைக்கு டிரைவர் லோடு போதும்னுதான் சொன்னான். நாந்தான் இன்னும் ரெண்டு மூட்டை ஏத்து, ஆளுக மேல உக்காந்து வரட்டும்னேன். கேசு டிரைவர் மேல போச்சு. நான் வாயத் தொறக்கல.”

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “வாங்கன்னு சொல்லி அனுப்புனேன் மொதலாளி. வரச் சொன்னது கொலையா?” என்றாள்.

“இல்லம்மா. வீட்டுல உள்ளவ வான்னுதான் சொல்லுவா. ஏத்துனவந்தான் யோசிச்சிருக்கணும்.”

பேச்சியம்மாள் ஓவென்று அழுதுகொண்டே போய் அவள் கையைப் பிடித்தாள். மாயக்காள் அழவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. “அந்த டிரைவரு லைசென்சு போயி தேவாரம் ஊருல களை வெட்டிக்கிட்டுத் திரியுறான். என் காதுல சொன்னத அவன் காதுலயும் சொல்லுங்க” என்றாள்.

ராவுத்தர் தலையாட்டினார். எங்களைக் கொட்டகையில் இறக்கிவிட்டு நேரே தேவாரம் போனார். பிறகு அந்த டிரைவரையும் வக்கீலையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய், மூட்டை ஏற்றச் சொன்னது தான்தான் என்று எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கோர்ட்டும் அபராதமும் வந்தன. சொந்தக்காரர்களே பைத்தியக்காரன் என்றார்கள். அந்த வார ஏலமும் எங்களுக்குத் தவறியது. டிரைவருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைக்க நாளாயிற்று. கிடைத்ததும் எங்கள் வண்டியையே ஓட்டினான். லோடு போதும் என்று அவன் சொன்னால், பிறகு ராவுத்தர்கூட ஒரு மூட்டை ஏற்றச் சொன்னதில்லை.

சில நாள் கழித்து மாயக்காள் வேலைக்கு வந்தாள். பேச்சியம்மாள் தன் பக்கத்தில் அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். ஆனால் மத்தியானம் வரை வாயே திறக்கவில்லை. மாயக்காள்தான் பொறுக்க முடியாமல், “என்னடி, ஊமையாயிட்டியா? நீ இப்படி இருந்தா நான் யார்கூடச் சண்டை போடுறது?” என்றாள். கொட்டகையே சிரித்தது.

அதற்குப் பிறகு பல வருஷம் அந்த வேலை பார்த்தேன். சல்லடைக் கம்பியில் விரல் கிழிந்திருக்கிறது, மூட்டை சரிந்து ஒருத்திக்கு இடுப்பு பிடித்திருக்கிறது. எது நடந்தாலும், அடிபட்டவளிடம் போய் “நீ ஏன் அங்கே நின்னே?” என்று நான் கேட்டதில்லை. இந்த மூட்டையை இவ்வளவு உயரம் அடுக்கச் சொன்னது யார் என்றுதான் முதலில் கேட்பேன். பல தடவை, சொன்னது நானாகத்தான் இருக்கும்.