வீட்ல வருவாங்க

லிஃப்ட்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். நகரத்தில் பாதி லிஃப்ட்கள் அவர் சொன்னால் ஏறும், முறைத்தால் இறங்கும். கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மூன்றாவது மாடியில் இவளுக்குச் சளி பிடித்திருக்கிறது என்பார். லிஃப்ட் அவருக்கு எப்போதும் ‘இவள்’தான். ஒருமுறை கல்யாண மாப்பிள்ளை ஒருவர் நடுவழியில் மாட்டிக்கொள்ள, இவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, “இன்னும் நேரம் இருக்கு தம்பி, எதுக்கும் ஒரு தடவை யோசிச்சுக்கோங்க” என்றாராம். மாப்பிள்ளை யோசித்து முடிக்கும்வரை கீழே மேளக்காரர்கள் இரண்டு தடவை டீ குடித்தார்களாம்.

இப்படி ஊரையே ஏற்றி இறக்கிய மனிதருக்குத் தன் வீட்டுக் கதவைத் திறக்கத்தான் பயமாகிவிட்டது. மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போன மனைவி, குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள். பல் முளைக்கட்டும் என்றாள். நடக்கட்டும் என்றாள். இப்போது பேரன் ஓடுகிறான், இவள் பின்னாலேயே ஓடுகிறாள். மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டியபின்தான் திரும்புவார்கள்; பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் கிடையாது. கணவன் மனைவிக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை என்றாலாவது சமாதானம் பேசப் போகலாம்.

தினமும் போனில் சாப்பிட்டீங்களா என்பாள். ஆச்சு, எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன் என்பார் இவர். அந்த நேரத்தில் ராஜா அடிப்பிடித்த பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமைகளில் மட்டும் பாத்திரத்துக்கு ஓய்வு. ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த பெரிய ஹோட்டலில் லிஃப்ட் இவர் பராமரிப்பில்தான் ஓடியது. மேல்மாடி ரெஸ்டாரண்டின் வாசனை லிஃப்ட் கூண்டுக்குள் இறங்கி, எண்ணெய்க் கறையோடு வேலை பார்க்கும் இவரை இழுக்கும். ஒரு சனிக்கிழமை சட்டையை மாற்றிக்கொண்டு ஏறிப் போனார். வாசலில் நின்ற மீசைக்கார சர்வர் எத்தனை பேர் சார் என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். ஆனால் ‘ஒருத்தன்’ என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை.

“நான்... அப்புறம் வீட்ல வருவாங்க.”

மீசைக்காரருக்குப் புரிந்தது. அவரும் பெண்டாட்டியை வெளியாளிடம் ‘வீட்ல’ என்றே சொல்லிப் பழகியவர். ஜன்னலோரம் இரண்டு தட்டு வைத்தார், இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். யாரும் வரவில்லை. இவர் இரண்டு பேருக்குமாக வாட்ச்சைப் பார்த்தார், சூப் குடித்தார், ‘ஏதோ வேலை போல’ என்று தட்டிடம் சொல்லிவிட்டு எழுந்தார். அடுத்த சனிக்கிழமையும் அதே கேள்வி, அதே பதில். பிறகு மீசைக்காரர் கேட்பதையே விட்டுவிட்டார். எதிர்த் தட்டை மட்டும் வைப்பார், துடைத்து வைப்பார், எடுத்துப் போவார். அந்த வெள்ளைத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்தால் இவருக்கு ரொட்டி தொண்டையில் இறங்கியது.

மீசைக்காரர் கீழ்த்தளத்துக்கு மாற்றலாகிப் போன சமயத்தில்தான் மனைவி நிஜமாகவே வருவதாகச் சொன்னாள். மருமகனுக்கு ஒரு வாரம் லீவு, டிக்கெட் எடுத்தாயிற்று, சனிக்கிழமை சாயங்கால ரயில்.

இவர் தலைமுடி வெட்டிக்கொண்டார். தலையணை உறை மாற்றினார். பேசிப் பேசி வளர்த்த பொய் கடைசியில் மெய்யாகப் போகிறதே என்ற குஷியில், முதல்முறையாக ரெஸ்டாரண்டுக்குப் போன் போட்டு மேசை சொல்லிவைத்தார். எடுத்தவள் புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர் பெண். யார் யார் வர்றீங்க சார் என்றாள். நானும் வீட்லயும் என்றார். அந்தக் காலத்து ஆட்களுக்கு ‘வீட்ல’ என்றால் ஒரு ஆள். இவள் வயதுப் பிள்ளைகளுக்கு மனைவி என்றால் வைஃப், வீடு என்றால் வீடு.

“வீட்லயும் வர்றாங்களா? அப்ப பெரிய டேபிளாவே போட்டுடட்டுமா சார்?”

தன் மனைவிக்கு இவ்வளவு மரியாதையா என்று இவருக்கு உச்சி குளிர்ந்தது. தாராளமா போடுங்க என்றார்.

சனிக்கிழமை, ரயிலுக்கு இன்னும் நேரமிருந்ததால், மேசையைப் பார்த்துவிட்டு இறங்கி ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று ஏறினார். நடு ஹாலில் ஒரு மேசை கிடந்தது. மேசையா அது, பிளாட்பாரம். இந்தக் கோடியில் உப்பு கேட்டால் அந்தக் கோடியிலிருந்து வருவதற்குள் சோறு ஆறிவிடும். சுற்றிலும் நாற்காலிகள், தட்டுக்குத் தட்டு கூம்பு கூம்பாய் மடித்த துணி. வாசலில் பசியோடு நின்ற ஒரு பெரிய குடும்பம் இவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தது.

உங்க வீட்ல எல்லாரும் வந்துட்டு இருக்காங்களா சார் என்று அந்தப் பெண் ஓடிவந்தாள். இவருக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்ல என்றால் என் மனைவிதான்மா, ஒரே ஒருத்தர், அவளும் ஒல்லி என்று விளக்கினார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஓ, வீட்லன்னா அவங்களா, எங்க தாத்தாகூட அப்படித்தான் சொல்வார் என்று சிரித்தாள். பெரிய குடும்பம் பெரிய மேசைக்குப் பாய்ந்தது. இவருக்குப் பழைய ஜன்னலோர மேசை. இரண்டு தட்டு.

ஜன்னலுக்கு வெளியே ஸ்டேஷன் தெரிந்தது. புறப்படலாம் என்று எழுந்தபோது போன் அடித்தது.

பேரனுக்குக் காய்ச்சல். அவள் ரயில் ஏறவே இல்லை. காலையிலேயே தெரியும், சொல்ல மனசு வரலைங்க என்றாள். இவர் வழக்கம்போல, அதனால என்ன, பிள்ளையைப் பாரு, எனக்கென்ன என்றார். வைத்துவிட்டார். கீழே அவள் வராத ரயில் வந்து நின்றது. ஜனங்கள் பெட்டிகளோடு இறங்கி, கூப்பிட வந்தவர்களோடு கலைந்து போனார்கள். இவர் கடைசி ஆள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் பெண் மெனு அட்டையோடு வந்தாள். புதிதாகக் கற்ற வார்த்தையைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆசை அவளுக்கு.

“சார், வீட்ல எப்ப வருவாங்க?”

“வீட்ல இல்லைம்மா” என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்? வீட்ல என்றால் மனைவி என்று இவர்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இல்லை என்றால்? அவள் முகம் விழுந்துவிட்டது. உள்ளே போய் விசாரித்தாள். ஆமாம், எல்லாச் சனிக்கிழமையும் வருவாங்க வருவாங்க என்பார், ஒருநாளும் யாரும் வந்ததில்லை என்று சர்வர்கள் சாட்சி சொன்னார்கள். தீர்ந்தது. அரைமணியில் ஹோட்டலே துக்கம் காத்தது. பாட்டை நிறுத்தினார்கள். கேட்காமலே சூப் வந்தது, மீன் வந்தது. தலைமைச் சமையல்காரர் வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, சற்றுத் தள்ளி, மௌனமாக நின்றுவிட்டுப் போனார்.

ஏதோ தப்பு நடக்கிறது என்று இவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் அந்தப் பெண் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க சார் என்றாள். இவருக்கு யாரும் அப்படிச் சொல்லிப் பல காலம் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார். இனாமாக வந்த புட்டிங்கையும் சாப்பிட்டார்.

“அவங்களுக்கு என்ன பிடிக்கும் சார்?” என்று மெதுவாகக் கேட்டாள் அவள்.

“மீன்னா உயிர். முள் எல்லாம் எடுத்துட்டு எனக்கு வெப்பா. தனக்குன்னு எடுத்துக்கிறப்ப வெறும் வால்தான் மிஞ்சும். அதுவே அவளுக்குப் போதுமா இருந்தது. சிரிப்பா...”

சொல்லிக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினார். ‘இருந்தது.’ இத்தனை நாளில் ஒருமுறைகூட அவளைப் பற்றி அப்படிப் பேசியதில்லை. ஸ்பூனைக் கீழே வைத்தார்.

“அம்மாடி, தப்பா நினைச்சுட்டே. அவ இருக்கா. வீட்லதான் இருக்கா. என் வீட்ல இல்லை, அவ்வளவுதான்.”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. காலி புட்டிங் கிண்ணத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தண்ணீர் டம்ளரை நிரப்பிவிட்டு நகர்ந்தாள்.

இவர் போனை எடுத்தார்.

“என்னங்க, இப்பதானே பேசினோம்?”

“உன்னைக் கொன்னுட்டேன்.”

“ஐயோ, என்ன உளறல் இது?”

நடந்ததைச் சொன்னார். தொப்பியோடு நின்ற சமையல்காரர்வரை சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் சாவுக்குப் புட்டிங் சாப்பிட்ட மகராசன் நீங்க ஒருத்தர்தான் என்றாள். சிரிப்பு ஓயும்வரை அவர் காத்திருந்தார்.

“எனக்குத் தனியா சாப்பிட முடியலை” என்றார் அவர். “ராஜா மாதிரின்னு சொன்னதெல்லாம் பொய்.”

“தெரியும்.” அவள் குரல் தாழ்ந்தது. “நான் மட்டும் என்ன? எல்லாருக்கும் போட்டுட்டு அடுப்புப் பக்கத்துல நின்னுகிட்டே சாப்பிடறேன். தட்டுகூட எடுக்கறதில்லை.”

அவர் எதிரே இருந்த தட்டைப் பார்த்தார்.

“நான் அங்க வரட்டுமா?”

“இங்க எங்கங்க படுப்பீங்க? ஹால்ல ஒரு சோபாதான் இருக்கு. நீட்டினா கால் வெளிய நிக்கும்.”

“மடக்கிக்கிறேன்.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பேரன் அழுதான். இருங்க, வைக்காதீங்க என்று போனை அப்படியே எங்கோ வைத்துவிட்டு ஓடினாள்.

அவர் வைக்கவில்லை. மருமகன் துண்டு எங்கே என்று கேட்டது காதில் விழுந்தது. ஏதோ பாத்திரம் உருண்டது. குழாயில் தண்ணீர் கொட்டியது. மகள், அம்மா, மருந்து எந்த அலமாரியில் என்றாள். அழுகை தேம்பலாகி, தேம்பல் அடங்கியது. மேசையைத் துடைக்க வந்த சர்வரிடம் சத்தம் போடாதே என்று கையைக் காட்டிவிட்டு, லிஃப்ட் கதவில் வைப்பதைப்போல் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, அவர் அந்த வீட்டைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தார்.