கேப்டன் காரின் எர்த் வயர்

1. டக்

பேட்டரி வயர் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழசைக் கழற்று, புதுசைப் பூட்டு, அரை மணி நேர வேலை. ஒரே ஒரு தடவை எனக்கு அது இரண்டு நாள் பிடித்தது. கிள்ளானில் என்னோடு வேலை பார்த்த மெக்கானிக்குகள் எல்லாரும், "அண்ணே, எர்த் போல்ட்டைச் சுரண்டு சுரண்டுன்னு ஏன் இப்படி உயிரை வாங்குறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். வாயால் சொல்ல வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

1943, ஜப்பான்காரன் ஆட்சிக் காலம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வரிசை வீட்டில் நானும் என் மனைவி லெட்சுமியும் அவள் தம்பி பெருமாளும் இருந்தோம். நான் தண்ணீர் ஆபீசில் மெக்கானிக். ஆபீசுக்குப் பெரியவர் ஒரு ஜப்பான்கார கேப்டன். வெள்ளைக்காரன் போட்டுவிட்டு ஓடிய கறுப்பு சலூன் கார் ஒன்றை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆபீஸ் ஷெட்டில் அரிசி மூட்டை அடுக்கிவிட்டதால் கார் என் வீட்டு வாசலில்தான் நிற்கும். தினமும் காலையில் நான் துடைத்து, ஸ்டார்ட் செய்து, அவர் வீட்டில் கொண்டுபோய் விடுவேன்.

அதற்காக எனக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார், சிவப்பு முத்திரை குத்தி. "இவன் என் கார் மெக்கானிக், இவனை எடுக்காதேன்னு எழுதியிருக்கு" என்று எங்கள் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி தங்கராஜ் படித்துச் சொன்னார். எனக்கு அந்த எழுத்து தெரியாது, கிராணி சொன்னதுதான் வேதம். எடுப்பது என்றால் சயாமுக்கு, ரயில் பாதை போட. போனவர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட வந்தது கிடையாது. யார் யார் போக வேண்டும் என்று எங்கள் ஆபீஸ் லிஸ்டை எழுதுகிறவரும் அதே தங்கராஜ்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை ஸ்டார்ட்டரை அழுத்தினேன். டக். அவ்வளவுதான். மறுபடி அழுத்தினேன். டக். லைட் மங்கிப் போயிற்று.

பானெட்டைத் திறந்தால் பேட்டரியின் இரண்டு முனையிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. வயரின் ரப்பரைக் கத்தியால் கீறினேன். உள்ளே செம்புக் கம்பி கருத்துப்போய் விரலில் பொடியாக உதிர்ந்தது. முன்னால் ஹேண்டில் போட்டு இன்ஜினைச் சுற்றலாமே என்று கேட்பீர்கள். ஹேண்டிலை எனக்கு முன்னாலேயே எந்தப் புண்ணியவானோ தூக்கிப் போயிருந்தான். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்தான், ஆனால் தள்ளுவண்டியில் கேப்டன் ஏற மாட்டார்.

ஆபீசுக்கு ஓடிச் சொன்னேன். கிராணி பேனாவைக் கீழே வைத்தார்.

"நேரம் பார்த்துக் கெடுத்தியே வேலு. நாளைக்குக் காலையில சயாம் லோரி வருது. லிஸ்டுல உன் பேரு இல்ல. ஆனா கார் ஓடலைன்னா உன் தாளுக்கு என்ன மரியாதை லா? சேர்த்து எழுதுன்னு கேப்டன் ஒரு வார்த்தை சொன்னாருன்னா நான் எழுதித்தான் ஆகணும்."

2. சாம்பல் தண்ணி

அந்தக் காலத்தில் புது வயர் எந்தக் கடையில் இருந்தது? சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்பாங்குக்கு மிதித்தேன். மூடிக் கிடந்த ஒரு ஈயச் சுரங்கத்தின் பம்ப் ஷெட்டை ஒரு சீனக் கிழவர் காவல் காத்தார். லெட்சுமி ஒளித்து வைத்திருந்த இரண்டு போத்தல் தேங்காய் எண்ணெயைக் கொடுத்தேன். மோட்டாரிலிருந்து கட்டை விரல் தடிமனில் இரண்டு முழ வயரை வெட்டிக் கொடுத்து, பற்ற வைக்க ஒரு துண்டு வெள்ளீயமும் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் லெட்சுமி அடுப்புச் சாம்பலைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். பழைய டெர்மினலை அதில் ஊறப் போட்டால் பொங்கிப் பொங்கிப் பச்சை எல்லாம் கழன்றது. புது வயரின் முனையை ஈயத்தில் தோய்த்து டெர்மினலில் பற்ற வைத்தேன். பூட்டினேன். மேலே எண்ணெய் தடவினேன். அந்தக் காரில் பிளஸ்தான் பாடிக்குப் போகும், மைனஸ் ஸ்டார்ட்டருக்கு. மாற்றிப் பூட்டிவிட்டேனோ என்று மூன்று தடவை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அழுத்தினேன். டக்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வயர் புதுசு, டெர்மினல் பளபள என்று இருக்கிறது, பேட்டரியில் கரண்ட் இருக்கிறது. பிறகு ஏன்? கழற்றினேன், பூட்டினேன், மறுபடி கழற்றினேன். என் கைமேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மூன்று மணிக்குக் கேப்டன் நடந்தே வந்தார், பின்னால் கிராணி. கேப்டன் பானெட்டுக்குள் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆஸ். ஆஸ் தமே."

தமே எல்லாருக்கும் தெரியும். கூடாது, உருப்படாது என்று அர்த்தம். அறை விழுவதற்கு முன்னால் வருகிற வார்த்தை அது. ஆஸ்? நானும் கிராணியும் ஆபீசில் நடந்த நிப்பொன்கோ, அதாவது ஜப்பான் பாஷை வகுப்புக்குப் போனவர்கள். போர்டில் வாத்தியார் எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுத்தது இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. அசு என்றால் நாளை.

"நாளைக்குக் கூடாதுங்கறாரு" என்றார் கிராணி, உதடு அசையாமல்.

"எது கூடாது?"

"நீதான் லா, வேற எது? நாளையிலேருந்து நீ வேணாமாம்."

கேப்டன் பூட்ஸ் காலால் தரையை இரண்டு தடவை மிதித்து, மறுபடியும் ஆஸ் என்றார்.

"தரையைக் காட்டறாரே, அது எதுக்கு?"

"மண்டி போடச் சொல்றாரு போல. போட்டுடு."

மண்டி போட்டேன். கையும் கூப்பினேன். கேப்டன் என்னை ஒரு மாதிரி பார்த்தார், கிராணியைப் பார்த்தார், உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விட்டார். கிராணியும் அவர் பின்னாலேயே ஓடினார். என் பெயரை எழுதத்தான் ஓடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

3. பெருமாள்

லெட்சுமி என் சட்டை இரண்டு, ஒரு கைலி, கொஞ்சம் மரவள்ளி வற்றல் எல்லாம் பையில் அடுக்கினாள். அழவில்லை. நான்தான் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

பெருமாள் வெளியே போயிருந்தான். கேலிக்காரப் பயல், அன்றைக்கு ஒரு கேலியும் இல்லாமல் வந்து நின்றான்.

"மாமா, கிராணிகிட்டப் பேசிட்டு வந்துட்டேன். உங்க பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதியிருக்காரு. நான் தனிக்கட்டை. நீங்க போனா அக்கா கதி என்ன?"

"வேணாண்டா மாப்ள" என்றேன்.

ஒரு தடவை சொன்னேன். அவன் கேட்கவில்லை. லெட்சுமி என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து என் சட்டைகளை எடுத்துவிட்டு அவன் சட்டைகளை வைத்தாள்.

காலையில் எட்டு மணிக்கு லோரி. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து கடிகாரம் எல்லாம் தோக்கியோ நேரம்தான், அந்த எட்டுக்கு அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. லோரியில் ஏறின பிறகுதான் அவனுக்குப் பழைய வாய் திரும்பியது.

"காரைச் சீக்கிரம் முடிங்க மாமா. நான் வந்து ஒரு ரவுண்டு போகணும்."

4. நாளை

ஒன்பது மணிக்குக் கேப்டன் கிராணியோடு வந்தார். அவரே காரில் ஏறி அழுத்தினார். டக். இறங்கினார். "ஆஸ்" என்றார்.

நாளைதான் இன்றைக்கு வந்துவிட்டதே, இன்னும் என்ன நாளை? கிராணியும் முழித்தார்.

கேப்டனுக்குப் பொறுமை போய்விட்டது. சட்டையைக் கழற்றி மட்கார்டில் போட்டார். என் ஸ்பேனரையும் கத்தியையும் பிடுங்கிக்கொண்டு தரையில் படுத்தார். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் வயரின் அடுத்த முனையை சேசிஸோடு சேர்க்கிற போல்ட்டை அவிழ்த்தார். நான் வயரைத்தான் மாற்றியிருந்தேன். அந்த இடத்தில் பெயிண்டும் துருவும் ஏடு ஏடாக இருந்தது, அதன் மேலேயேதான் பூட்டியிருந்தேன். வெறும் இரும்பு பளிச்சென்று தெரிகிறவரை அவர் சுரண்டினார். போல்ட்டைத் தட்டிக் காட்டி, "ஆஸ்." உள்ளங்கையால் மண்ணைத் தட்டி, "ஆஸ்."

கிராணியின் முகம் வெளுத்துவிட்டது.

"எர்த்து லா, வேலு" என்றார். "எர்த்தைச் சொல்லியிருக்காரு."

வெள்ளைக்காரன் வார்த்தை. நம் வாயில் எர்த்து, அவர் வாயில் ஆஸ். என்னை வேண்டாம் என்று கேப்டன் சொல்லவே இல்லை. எர்த் சரியில்லை, அதைப் பார் என்று முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் மண்டி போட்டு முழங்கால் பதித்த இடத்துக்கு நேர் எதிரே அந்த போல்ட் இருந்தது.

போல்ட்டை முறுக்கிவிட்டு அழுத்தினார். ஒரே அழுத்து, இன்ஜின் பிடித்துக்கொண்டது. சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார்.

லோரியில் போனவர்களை ஏற்றுகிற சயாம் ரயில் பதினோரு மணிக்குத்தான். ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் கிராணியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுங்க ஐயா. நாமதான் தப்பா எழுதிட்டோம்னு சொல்லுங்க. அவரு வந்து நின்னா விட்டுடுவாங்க."

கிராணி தனக்குத் தெரிந்த நிப்பொன்கோ அத்தனையும் சொன்னார். பெருமாள் பெயர் இரண்டு மூன்று தடவை வந்தது. கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

"அஷித்தா" என்றார். கார் போய்விட்டது.

"என்ன சொன்னாரு?"

கிராணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு."

ஜப்பான்காரர்கள் வாயில் தினம் தினம் நாளை என்பதற்கு வருகிற வார்த்தை அதுதான். வாத்தியார் எழுதிப்போட்ட அசு புஸ்தக வார்த்தை. ஸ்டேஷனுக்கு ஓடினேன். கேட்டில் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நின்றார்கள், என் சிவப்பு முத்திரைத் தாளைக் காட்டியும் உள்ளே விடவில்லை. விசில் சத்தம் மட்டும் கேட்டது.

பெருமாள் திரும்பி வரவில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து வந்தவர்களை எல்லாம் விசாரித்தேன், அவனைப் பார்த்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. லெட்சுமியிடம் நான் ஆஸ் விஷயத்தைச் சொல்லவில்லை, என்னை வேண்டாம் என்ற கேப்டன் பிறகு மனம் மாறிவிட்டார் என்றுதான் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு வாழ்ந்து, அப்படியே நம்பிப் போய்ச் சேர்ந்தாள்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். புது வயர் போட்டும் வண்டி டக் என்றால், எர்த் போல்ட்டைக் கழற்றி இரும்பு தெரிகிறவரை சுரண்டுங்கள். ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள், அறை விழுந்தாலும் திரும்பக் கேளுங்கள். ஆஸ் எனக்குப் புரியாமல் போனதற்கு ஜப்பான் பாஷையைக் குறை சொல்லலாம். பெருமாளிடம் வேணாம் என்று இரண்டாம் தடவை சொல்லாமல் இருந்தேனே, அது தமிழ்தான்.