எலிகளுக்குக் கொடுத்த மூக்கிரட்டை

மூக்கிரட்டை எங்கள் தெருவில் சுவரோரம் கேட்பாரற்று முளைக்கிற கொடி. பார்மசி காலேஜில் மேற்படிப்புக்கு நான் எடுத்த ஆராய்ச்சியே அதுதான். அதன் வேர்ச்சாறு கிட்னி கெடாமல் காக்குமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது. தலைப்பை எடுத்தபோது அப்பா தறியில் திடமாக உட்கார்ந்திருந்தார். எலிகள் வந்து சேர்வதற்குள் அவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது. விதியின் நக்கலுக்கு ஒரு அளவே இல்லை.

சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"இன்னாமா, உன் எலிங்கல்லாம் எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதுபா."

"அந்தச் சாறை எனக்கும் கொஞ்சம் எடுத்தாரக் கூடாதா? நான் இன்னா, எலிய விடக் கேவலமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் கொடியை வேரோடு பிடுங்கி வந்து தர, அம்மா கஷாயம் வைத்துவிட்டாள். கொதிக்கக் கொதிக்கச் சாக்கடையில் கொட்டினேன். இதில் பொட்டாசியம் அதிகம், கெட்டுப்போன கிட்னி அதை வெளியேற்றாது, இதுவே இதயத்தை நிறுத்திவிடலாம் என்று கத்தினேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்பாவின் கிட்னி கெட்டது ரத்தக்கொதிப்பால் என்றார் டாக்டர். வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பீர்களா என்றும் கேட்டார். அப்பா பெருமையாகவே சொன்னார்: "தறில உக்காந்தா சாப்பாடு வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன் சார்."

கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டு பேர் சேர்ந்துதான் நெய்ய வேண்டும். ஒருவர் எழுந்தால் மற்றவர் கையும் நின்றுவிடும். அதனால், ஒன்றுக்குப் போக எழ வேண்டிவருமே என்று, தறிக்குழியில் கால் வைத்தவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. எங்கள் தெருவில் அதைக் கெட்ட பழக்கம் என்று யாரும் சொன்னதில்லை, நல்ல வேலைக்காரன் என்பார்கள். டாக்டர், "இதுவும் சேர்ந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

சோதனை முடிந்தது. சாறு குடித்த எலிகளின் கிட்னி அவ்வளவாகக் கெடவில்லை. காலேஜில் பாராட்டினார்கள். வீட்டில் சொல்லவேண்டாம் என்று இருந்தேன், என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"காப்பாத்திச்சா?"

"காப்பாத்திச்சுபா. ஆனா, அதுங்களுக்கு முதல்லயே சாறு குடுத்துட்டோம். அப்புறம்தான் கிட்னிய கெடுக்கிற மருந்தக் குடுத்தோம்."

"கெட்டப்புறம் குடுத்துப் பாக்கலியா?"

"இல்லபா."

தலையாட்டினார். அதன்பிறகு எலிகளைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நான் எரிச்சலோடு காதில் வாங்கிய அந்தக் கேள்விக்காகவே ஏங்கி அழுதேன்.

முடிவைச் சொன்ன மறுநாள் காலை அப்பாவின் தறியில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எப்போதும்போல அம்மா.

"ஏய், எழுந்து வந்து தண்ணி குடி," என்றார் அப்பா, கட்டிலில் இருந்தபடி.

"நான் எழுந்தா அவரும் சும்மா உக்காந்துக்கினு இருக்கணும். சாப்பிடறப்ப குடிச்சிக்கறேன்."

"உக்காரட்டும். நீ எழுந்திரு!"

அவர் அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை. அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்து சொம்பை எடுத்தாள். கிட்னி தண்ணீரை வெளியேற்றாததால் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்த சின்ன பாட்டிலில், காலையிலேயே பாதி தீர்ந்திருந்தது. வறண்ட உதட்டை நாக்கால் தடவியபடி, அம்மா குடித்து முடிக்கிற வரைக்கும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொம்பைக் கீழே வைக்கப் போனாள்.

"இன்னும் கொஞ்சம் குடி," என்றார்.