அக்கா சோதித்த விமானமும் என் சிதம்பரப் பயணமும்

கதிர், நிலா, போன ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கே போனார் என்று அம்மாவைத் துளைத்து எடுத்தீர்களாம். உங்கள் தேன்மொழி அக்காவைப் பார்க்கச் சிதம்பரத்துக்குப் போனேன். அன்றைக்குச் சொல்லும் நிலையில் நான் இல்லை, அதனால் எழுதுகிறேன். கதிர், நானும் விமானப்படைக்குத்தான் போவேன் என்கிறாயே, நீ இதை இரண்டு தடவை படி.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "அப்பா, நாளைக்குச் சிதம்பரத்துல பிரெண்டு கல்யாணம். சாயங்காலமே ரயில் ஏறணும். நீங்க மட்டும் வாங்க. அம்மா வந்து அழுதா என்னால பேச முடியாது." என்ன விஷயம் என்றேன். நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு வீட்டை எட்டிப் பார்க்காத பெண்ணா அவள்? அம்மா நெத்திலியை வறுத்து டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

காலை ஏழு மணிக்குத் தேவனாம்பட்டினத்தில் ஷேர் ஆட்டோ. கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு இருபது ரூபாய். அங்கிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் நாற்பது ரூபாய். கண்டக்டர் என் பையை மோந்து பார்த்தார்.

"நெத்திலியா மாமா? மடியிலயே வச்சுக்குங்க. மேல வச்சீங்கன்னா ஆலப்பாக்கம் வர்றதுக்குள்ள பாதிப் பேரு எறங்கிடுவாங்க, மீதிப் பேரு பங்கு கேப்பாங்க."

பக்கத்தில் புவனகிரி விவசாயி ஒருவர். மகளைப் பார்க்கப் போகிறேன் என்றதும், "பாப்பா என்னா பண்ணுது?" என்றார்.

"பிளேன் ஓட்டுது."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உங்களுக்கு டிக்கெட்டு பாதி வெலைக்குக் கிடைக்குமா?"

வேறு நாளாக இருந்தால் நன்றாகச் சிரித்திருப்பேன். புதுச்சத்திரம் போயிற்று. பி.முட்லூரில் அவர் இறங்கிக்கொண்டார். வெள்ளாற்றுப் பாலத்தில் ஜன்னல் வழியே பார்த்தேன், தண்ணீர் அசையாமல் கிடந்தது. அடிபட்டிருப்பாளோ, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களோ என்று என் மனம் மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, மேல வீதிக் கல்யாண மண்டப வாசலில் நின்றாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. அடி எதுவும் இல்லை. பாதி உயிர் வந்தது. தெற்கு வீதியில் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் வாங்கினேன், இரண்டு பேருக்கும் நூற்றிருபது ரூபாய். அவள் தொடவில்லை. வலது கையை மேசைமேல் மூடியே வைத்திருந்தாள்.

அவள் சொன்னதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். போர் விமானம் ஓட்டப் போகிறவர்கள் முதலில் பயிற்சி ஜெட்டில் பழகுவார்கள். முன்னால் கற்றுக்கொள்பவர், பின்னால் வாத்தியார். இப்போது இருப்பவை பழசாகிவிட்டதால் புதிதாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓட்டிப் பார்க்கும் குழுவில் எல்லாரும் பெரிய அனுபவசாலிகள். புதிதாகப் பயிற்சி முடித்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நம் அக்கா.

"பேரெல்லாம் சொல்லக் கூடாதுப்பா" என்றாள். நானும் கேட்கவில்லை.

"வேகம் கொறைஞ்சு மூக்கு ஜாஸ்தி தூக்கிட்டா எந்த பிளேனும் விழத்தான் செய்யும். நாங்க பழகுன பழசு, விழறதுக்கு முன்னாடி கிடுகிடுன்னு நடுங்கும். இது கடைசி வரைக்கும் வழவழன்னு போச்சுப்பா. அப்புறம் ஒரு எறக்கை அப்படியே சாஞ்சுது. நான் பிளேனை ஓட்டற கட்டையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். விடணும்னு தெரியும். கை விடல."

"அப்புறம்?"

"பின்னாடி இருந்தவர் கத்தினாரு. விட்டேன். நிமிந்துடுச்சு."

நான் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

மற்ற எல்லாருக்கும் அந்த விமானம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். விழுவதற்கு முன்னால் எச்சரிக்கைச் சத்தம் வருகிறதே, அது போதும் என்கிறார்களாம். "மொத தடவை பயந்தா காது கேக்காதுப்பா. உடம்புக்குத்தான் தெரியணும். ஆனா நாளைக்கு மீட்டிங்ல இதைச் சொன்னா, உன் கைதான் சரியில்லைன்னு எழுதிடுவாங்க. நான் கேட்டிருக்கிற வாத்தியார் வேலையும் அவுங்க கையிலதான் இருக்கு."

நான் சொன்னேன்: "எல்லாரும் நல்லா இருக்குன்னா நீ மட்டும் ஏம்மா? பேசாம இரு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நம்ம குப்பத்துல புது போட் வாங்கறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாப்பீங்களே, மொதல்ல யாரு பேசணும்?"

உங்களுக்கும் தெரியும். அலையைத் தாண்டியதும் இருப்பதிலேயே பழகாத ஆளிடம் இன்ஜின் பிடியைக் கொடுப்போம். கரைக்கு வந்தால் அவன்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். பெரியவர்கள் முதலில் பேசிவிட்டால் அவன் தன் பயத்தை முழுங்கிவிடுவான். உங்கள் மாமா கடலுக்கு வந்த புதிதில், "மச்சான், இந்த போட்டு திரும்பறப்ப எனக்கு வவுறு கலக்குது" என்றார். எல்லாரும் அவரை ஓட்டு ஓட்டென்று ஓட்டினோம். ஆனால் அந்த போட்டை நாங்கள் வாங்கவில்லை.

"அங்க பெரியவங்க எல்லாம் பேசி முடிச்சுட்டாங்கப்பா. நான்தான் கடைசி." மூடிய கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கதிர் வேற வரேன்னு நிக்கிறான். அவனை இதுலதான் உக்கார வைப்பாங்க."

கொத்சு ஆறிப்போயிருந்தது. கதிர், எனக்கு அவளுடைய வேலையும் வேண்டும், நீயும் வேண்டும். சர்வர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில், "அப்படின்னா, யாருமே இன்னும் பேசலைன்னு நெனைச்சுக்கிட்டுப் பேசும்மா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் டப்பாவைத் திறந்தாள். முழு நெத்திலியும் காலி.

சாயங்காலம் ஸ்டேஷனில் அவள் ரயில் கிளம்பியது. நான் பஸ் பிடித்தேன். அதே சாலை, அதே பாலம். நம் ஊரில் ஒருத்தன் பயந்தால் கரை முழுக்கக் கேலி செய்யும், ஆனாலும் அவன் சொன்னதைக் கேட்கும். அவள் இருக்கும் இடத்தில் கேட்பார்களா என்று கடலூர் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது. "சொல்லிட்டேன்ப்பா. என் கை விடலைங்கறதையும் சேத்துத்தான் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க." அவ்வளவுதான். எந்த விமானத்தை வாங்குவார்கள், அவளை வாத்தியாராகப் போடுவார்களா, எதுவும் இன்னும் தெரியாது.

போனை வைத்துவிட்டுக் கரைக்குப் போனேன். வெயிலில் ஒருவரும் இல்லை. மணலில் ஏற்றிக் கிடந்த நம் போட்டில் ஏறி, பின்னால் உட்கார்ந்து, இன்ஜின் பிடியில் கை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. விரல் வலித்தபோதுதான் அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கையை எடுத்தேன்.