பெருமாள் வாகனமும் வாளைக் கருவாடும்

கத்திவாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, மொட்டை மாடியில் கருவாட்டுக்கு வாளை மீன் காயப்போடுவாள். தினமும் ஒன்றிரண்டு காணாமல் போனது. பழி என் பூனை மேல் விழுந்தது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள அந்தப் பூனைய மாத்தூர் பக்கம் கொண்டும்போய் வுட்டுடு. இல்லாங்காட்டி நானே சாக்குல கட்டி எட்துகினு போயிடுவேன்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடுகிற சோம்பேறி அது; அதைப் போய் திருடி என்றால்? சனிக்கிழமை காலை பூனையை மடியில் இறுக்கிக்கொண்டு எங்கள் மாடியில் உட்கார்ந்துவிட்டேன். இன்றும் மீன் போகட்டும், பார்க்கலாம்!

அந்த மாடியில் அக்கா குச்சியோடு காவல். முதலில் ஒரு பழுப்புப் பறவை வந்தது. "சூ, போ சனியனே! பருந்து!" என்று குச்சியை வீசினாள். அது வெறுங்காலோடு திரும்பியது. அடுத்து வந்ததற்கு வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிற இறக்கை. கருடன்! அக்கா கண்ணை இறுக மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கோவிந்தா, கோவிந்தா..." அவள் முடிப்பதற்குள் பெருமாளின் வாகனம் இறங்கி, ஒரு வாளையை ரிப்பன் மாதிரித் தொங்கவிட்டபடி கிளம்பிவிட்டது.

"யக்கா, கண்ணத் தொற! தோ போவுது பாரு உன் திருடன்!"

கருடன் எதிர்க் கம்பத்தில் உட்கார்ந்தது. விரட்டப்பட்ட பழுப்புப் பறவை பக்கத்தில் போய்க் கத்த, மீனை அதற்கு விட்டுக்கொடுத்தது. அப்போதுதான் அந்தப் பழுப்புப் பறவையின் வாலைக் கவனித்தேன். பருந்துக்கு வால் நடுவில் பிளந்திருக்கும். இதற்கு விசிறி போல வட்டம்.

"அது பருந்து இல்லக்கா, கருடனோட குஞ்சு. வளந்தாத்தான் தல வெளுக்கும்."

"ஐயோ, சாமி புள்ளையவா அடிச்சேன்!" மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அப்போ மீனத் திருடினது?"

"இன்னா பேசற நீ? சாமி எட்துகினா திருட்டா? அது படையல்!"

எப்படியோ பூனை தப்பியது. நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் அக்கா கைப்பிடிச் சுவரில் கருடனுக்கென்று தனித்தட்டில் மீன் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டாள். திறந்தபோது தட்டு காலி.

"பாத்தியா, இன்னா வேகம்!" என்று பூரித்துப் போனாள்.

நான் தலையாட்டிக்கொண்டே, பூனையின் மீசையில் ஒட்டியிருந்த வாளையின் வெள்ளி மினுமினுப்பை முந்தானையால் துடைத்துவிட்டேன்.